சேமிப்புக் கோடும் தொம்மலூர்ச் சீட்டும்

பெங்களூரில் இறங்கிய ஒரு மணி நேரத்துக்குள் இரண்டு பேர் என்னை மலையாளியாக்கிவிட்டார்கள். ஒருவர் விமான நிலையத்தில் வழி சொன்னவர். மற்றவர் கார் ஓட்டுநர்.

"கேரளாவுல எந்த ஊரு மேடம்?"

"கேரளா இல்லை. இலங்கை. வவுனியா."

அவர் பின்பார்வைக் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "அப்டியா! ஆனா தமிழ் பரவால்ல, நல்லாவே பேசறீங்க."

நன்றி சொல்வதைத் தவிர எனக்கு வேறு வழி இருக்கவில்லை.

கொழும்பில் ஓர் அரசு அலுவலகத்தில், தேசியக் கணக்குப் பிரிவில் எனக்கு வேலை. நாடு ஒரு வருடத்தில் எவ்வளவு சம்பாதித்தது, அதில் எவ்வளவைச் செலவழிக்காமல் மிச்சம் பிடித்தது என்று அட்டவணை போடுவோம். அந்த மிச்சத்துக்கு மொத்தத் தேசிய சேமிப்பு என்று பெயர். வெளிநாட்டில் உழைப்பவர்கள் வீட்டுக்கு அனுப்புகிற காசும் இதில் சேரும். இந்தச் சேமிப்பு பல பத்தாண்டுகளில் எப்படி ஏறி இறங்குகிறது என்று படிப்பதற்காக, எங்களுடையதைப் போன்ற நாடுகளிலிருந்து பெங்களூருக்கு ஆட்களை அழைத்திருந்தார்கள். ஐந்து நாள் வகுப்பு. படிக்காசு சொற்பம் என்பதால் விடுதியை விட்டுவிட்டு, முன்பு இங்கே வந்துபோன சக ஊழியர் ஒருவர் சொன்ன வீட்டில் அறை எடுத்தேன்.

வீடு தொம்மலூரில். கண்ணாடிக் கட்டடங்களுக்கு இடையில் ஒரு சந்து திரும்பினால் பழைய ஊர் அப்படியே இருக்கிறது. கோலம், பால் பக்கெட்டுகள், வாசலில் தூங்கும் நாய். மாடியில் ஓர் அறையை வாடகைக்கு விடும் சாந்திக்கு என் வயதுதான் இருக்கும், நாற்பது தாண்டியவள். பக்கத்து அலுவலகக் கட்டடம் ஒன்றில் துப்புரவுப் பணிக்கு மேற்பார்வையாளர். அவள் கணவர் முனிரத்தினம் அலுவலகங்களுக்கு ஆள் ஏற்றும் கார் ஓட்டுபவர். இரண்டு பேரும் பிறந்ததே இந்த ஊரில். ஒரு வாக்கியத்தைத் தமிழில் தொடங்கிக் கன்னடத்தில் முடிப்பார்கள், அது அவர்களுக்கே தெரியாது.

அன்று சாயங்காலம் தட்டில் ஒரு பழுப்பு உருண்டை வந்தது. கேழ்வரகு முத்தே, பக்கத்தில் கீரைச் சாறு. நான் கடித்து மென்றேன். சாந்தி பதறிவிட்டாள்.

"அய்ய, மெல்லக் கூடாது மேடம். சாறுல முக்கி அப்டியே முழுங்கணும்."

"தொண்டைக்குள்ள சிக்காதோ?"

"எங்க வூட்ல இதுவரைக்கும் யாருக்கும் சிக்கல."

விழுங்கினேன். சுகமாக இறங்கியது. வாசலில் கார் எதுவும் இல்லையே என்று அப்போதுதான் கவனித்துக் கேட்டேன். முனிரத்தினம் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சாந்திதான் பதில் சொன்னாள். அலுவலகக்காரர்கள் பாதிப் பேர் வீட்டிலிருந்தே வேலை செய்கிறார்களாம். சவாரி குறைந்து, தவணை நின்று, பைனான்ஸ்காரர்கள் வந்து வண்டியை எடுத்துப்போய்விட்டார்கள்.

"நாளைக்கு சீட்டு எடுக்கப் போறேன் மேடம். வெள்ளிக்கிழம வண்டி வந்துடும்," என்றாள். பிறகு, "நீங்களும் வாங்களேன். சேமிப்பு பத்திதான படிக்க வந்துகிறீங்க," என்றாள்.

ஞாயிறு காலை தட்டு இட்லி. ஒன்று முழுத்தட்டை அடைத்துக்கொண்டிருந்தது. அதை முடித்துக்கொண்டு, மூன்று சந்து தள்ளியிருந்த, சீட்டு நடத்தும் கௌதமி அக்கா வீட்டுக்குப் போனோம். பள்ளிக்கூடம் ஒன்றில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவர். கூடத்தில் புத்தர் படத்துக்குச் சாமந்தி மாலை போட்டிருந்தார். பாயில் பெண்கள் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். பூக்கடை வைத்திருப்பவர், சமையல் வேலைக்குப் போகிறவர்கள், தையல்காரர், சாந்தியோடு வேலை பார்க்கிறவர்கள்.

சீட்டு எங்கள் ஊரிலும் உண்டு. நடத்துகிறவரைத் தாச்சி என்போம். இங்கே இருபது பேர், ஆளுக்கு மாதம் ஐயாயிரம். சேர்கிற இலட்சத்தை ஒருவர் எடுப்பார். எடுக்கிறவர் எவ்வளவு விட்டுக்கொடுக்கத் தயார் என்று ஏலம். அதைத் தள்ளு என்கிறார்கள். யார் அதிகம் தள்ளுகிறாரோ அவருக்குச் சீட்டு, தள்ளிய பணம் எல்லோருக்கும் பிரியும். முப்பதாயிரத்துக்கு மேல் தள்ளக் கூடாது என்பது கௌதமி அக்காவின் சட்டம்.

"கேளுங்கம்மா," என்றார்.

"பத்து," என்றாள் சாந்தி.

"பதினஞ்சு," என்று கதவோரத்திலிருந்து ஒரு குரல். மெலிந்த பெண். வேலைச் சீருடையிலேயே வந்திருந்தாள்.

பூக்கடைக்காரர் சட்டென்று திரும்பினார். "இந்தப் புஷ்பாவ எப்டிக்கா கேக்க வுடறீங்க? போன வாரம் எவனோ எனக்குப் போன் பண்ணி, உன் பிரெண்டு லோன் வாங்கி ஏமாத்திட்டா, நீ கட்டுறியான்றான். அசிங்கமா பேசறான். நான் யாரு அவனுக்கு?"

"எனக்கும் வந்திச்சி," என்றார் இன்னொருவர். பாயெங்கும் முணுமுணுப்பு.

கௌதமி அக்கா கையை உயர்த்தினார். "சீட்டுக் காசு ஒரு மாசமாவது நிப்பாட்டினாளா? சொல்லுங்க."

பூக்கடைக்காரர் இல்லை என்று தலையசைத்தார்.

"அப்ப அவ கேக்கலாம். மத்தது அவ பாடு."

சாந்தி இருபது என்றாள். புஷ்பா இருபத்தைந்து. சாந்தி முப்பது. உடனே புஷ்பாவும் முப்பது. அதற்கு மேல் போக முடியாது. சீட்டுக் குலுக்க வேண்டும். துண்டுச் சீட்டை யார் எடுப்பது என்று வாக்குவாதம் வந்தது. ஒருவருக்கொருவர் உறவு, ஒருவருக்கொருவர் பகை. கடைசியில் புஷ்பாவே என்னைக் காட்டினாள். "அந்த அக்கா எடுக்கட்டும். அவங்களுக்கு யாரையும் தெரியாது."

"நான் சாந்தி வீட்டிலதானே இருக்கிறன்," என்றேன்.

"பரவால்லக்கா. நீங்க எடுங்க."

ஒரு எவர்சில்வர் டம்ளரில் இரண்டு மடித்த துண்டுகள். என் வேலையில் கோடிகளைத் தொட்டிருக்கிறேன். எல்லாம் திரையில். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். கௌதமி அக்கா பிரித்து வாசித்தார்.

"புஷ்பா."

சாந்தி என்னைப் பார்க்கவில்லை. ஆனால் ஏலம் அதோடு முடியவும் இல்லை. சீட்டு எடுத்தவர் மிச்ச மாதங்களை ஒழுங்காகக் கட்டுவார் என்று உள்ளேயிருந்து ஒருவர் ஜாமீன் போட வேண்டும். அவர் கட்டாவிட்டால் இவர் கட்ட வேண்டும். கௌதமி அக்கா சுற்றிப் பார்த்தார். எல்லோருக்கும் திடீரென்று சேலை மடிப்பைச் சரிசெய்யும் வேலை வந்துவிட்டது. புஷ்பாவைச் சீட்டில் சேர்த்துவிட்டவளே சாந்திதான். புஷ்பா அவளைப் பார்த்தாள். சாந்தி தரையைப் பார்த்தாள்.

"வியாழக்கிழம சாயங்காலம் வரைக்கும் டைம்," என்றார் கௌதமி அக்கா. "அதுக்குள்ள ஒருத்தர் ஜாமீன் நிக்கணும். இல்லன்னா சீட்டு சாந்திக்கு."

திரும்பி வரும்போது சாந்தி எனக்கு ஆறுதல் சொன்னாள். "நீங்க ஒண்ணும் ஃபீல் பண்ணாதீங்க மேடம். யாரும் நிக்க மாட்டாங்க."

அந்த ஆறுதல் எனக்குப் பிடிக்கவில்லை. பிடிக்காமல் போனதற்காக என் மீதும் கோபம் வந்தது. அவளுடைய கார் அல்லவா போயிருக்கிறது.

திங்கட்கிழமை வகுப்பு தொடங்கியது. பேராசிரியர் மைசூர்ப் பக்கத்துக்காரர், மெதுவாகப் பேசுபவர். திரையில் இந்தியாவின் சேமிப்புக் கோட்டைப் போட்டார். விடுதலைக்குப் பின் தாழ்வாகத் தொடங்கி, பல பத்தாண்டுகள் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் உச்சிக்குப் போய், பிறகு சற்று இறங்கிய கோடு. ஏறியதற்குக் காரணங்கள் சொன்னார். வங்கிகள் கிராமத்துக்குப் போனது, உழைக்கும் வயதில் ஆட்கள் பெருகியது. இறங்கியதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்றை எழுதிக்கொண்டேன். குடும்பங்கள் சேர்ப்பதோடு கடனும் கூடுதலாக வாங்குகின்றன. சேர்த்ததிலிருந்து கடனைக் கழித்தால்தான் உண்மையான மிச்சம்.

தேநீர் நேரத்தில் நேபாளத்திலிருந்து வந்த அதிகாரி சிரித்துக்கொண்டே சொன்னார்: "எங்கள் நாட்டுச் சேமிப்பு விமானத்தில்தான் வருகிறது." என் தங்கை குவைத்தில் இருக்கிறாள். எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

நான் பேராசிரியரிடம் சீட்டைப் பற்றிக் கேட்டேன். அது இந்தக் கோட்டில் எங்கே இருக்கிறது?

அவர் யோசித்தார். "ஒரு பெண் சேமிக்கிறாள், அதே காசை இன்னொரு பெண் கடனாக எடுக்கிறாள். இரண்டு பேரும் குடும்பம் என்ற ஒரே பெட்டிக்குள். கூட்டினால் பூச்சியம்."

"அப்போ அங்கே ஒன்றுமே நடக்கவில்லை என்று அர்த்தமா?"

"பூச்சியம் தவறில்லை அம்மா," என்றார் அவர். "அது எவ்வளவு என்று மட்டும்தான் சொல்லும். யாருக்கு என்று சொல்லாது."

செவ்வாய்க்கிழமை என் முறை. இலங்கையின் கோட்டைப் போட்டேன். நாட்டிடம் டொலர் தீர்ந்து, விலைகள் எகிறி, பெற்றோலுக்கு நாள் கணக்கில் வரிசையில் நின்றோமே, அந்த இடத்தில் கோடு படி தவறியதுபோல் விழுகிறது. மக்கள் சேமிப்பதை நிறுத்திவிட்டார்களா என்று ஒருவர் கேட்டார். எழுதி வைத்த பதிலை விட்டுவிட்டு என் கதையைச் சொன்னேன். வவுனியாவில் வீடு கட்ட நானும் தங்கையும் வங்கியில் காசு போட்டுக்கொண்டு வந்தோம். ஒரு மாதமும் நிறுத்தவில்லை. வங்கிப் புத்தகத்தில் ஒரு சதமும் குறையவில்லை. ஆனால் சீமெந்து வாங்கப் போனபோது அந்தக் காசுக்குச் சுவர்கள்தான் வந்தன. கூரைக்குப் போதவில்லை. இன்றைக்கும் அந்த வீடு வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது.



அன்று வீடு திரும்பியபோது சாந்தியின் முகம் சரியில்லை. "புஷ்பா ரெண்டு நாளா வேலைக்கு வரல மேடம். போனும் எடுக்கல. ஊருக்கு ஓடிட்டாளோ என்னமோ."

"ஓடட்டும்," என்றார் முனிரத்தினம். "நம்மளுக்கு நல்லதுதான?"

"நல்லதா? ஓடிட்டா அவ பங்கு மாசா மாசம் யாரு கட்டுறது, உங்க அப்பாவா?"

மறுநாள் பிற்பகல் எனக்கு வகுப்பு இல்லை. நான் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன். வேண்டாம் என்று சாந்தி ஒரு தடவை சொன்னாள். இரண்டாம் தடவை சொல்லவில்லை. புஷ்பா இருக்கும் சந்தாபுராவில் இறங்கி எந்தப் பேக்கரிக்குப் பின்னால் திரும்ப வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள்.

கர்நாடகத்தில் அந்த மாநிலத்துப் பெண்களுக்குப் பஸ் இலவசம். மடிவாளாவில் ஏறியதும் நடத்துநர் என்னிடம் ஆதார் அட்டை கேட்டார். கடவுச்சீட்டைக் காட்டினேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பக்கத்துப் பெண்களிடம் கன்னடத்தில் ஏதோ சொன்னார். அவர்கள் சிரித்தார்கள். ஒருத்தி எனக்குத் தமிழில் சொன்னாள்: "நீங்க மட்டும்தான் இந்த பஸ்ல காசு குடுக்கற லேடீஸாம்." எனக்கும் சிரிப்பு வந்தது. எங்கள் ஊரில் பஸ் கட்டணம் ஏறிய பிறகு வேலையையே விட்ட பெண்களை எனக்குத் தெரியும்.

நடத்துநர் "சந்திரா, சந்திரா" என்று கத்தினார். நான் குதித்து இறங்கினேன். பஸ் போன பிறகுதான் பலகையைப் பார்த்தேன். பொம்மசந்திரா. சந்தாபுரா இன்னும் தூரம். தொழிற்சாலைப் புகையும் லொறிகளும் நிறைந்த அந்த வீதியில் வியர்க்க வியர்க்க நடந்து, ஒரு ஷேர் ஓட்டோவில் நான்கு பேர் மடியில் பாதி உட்கார்ந்து போய்ச் சேர்ந்தேன்.

வரிசையாக ஒற்றை அறை வீடுகள். புஷ்பா ஓடிப்போகவில்லை. கதவைப் பாதி திறந்து பார்த்தவள், என்னைக் கண்டதும் முழுதாகத் திறந்தாள். கணவர் பெயின்ட் வேலைக்குப் போயிருந்தார், மகன் பள்ளிக்கூடத்தில். தேநீர் போட்டுக் கொடுத்தாள். எங்கிருந்தோ அமுங்கிய குரலில் போன் மணி அடித்துக்கொண்டே இருந்தது. துணியில் சுற்றி அரிசி டின்னுக்குள் வைத்திருந்தாள்.

"ஆபீஸ் கேட்டுக்கே ஒருத்தன் வந்துட்டான்க்கா. எல்லாரும் பாத்தாங்க. எப்டி வேலைக்குப் போறது?"

திருவண்ணாமலைப் பக்கம் அவளுக்கு. மகனுக்கு டைபாய்டு வந்தபோது தொடங்கியது என்றாள். "போன்ல ஒரு லோன் ஆப்புல கேட்டேன். அஞ்சு நிமிசத்துல காசு வந்திடுச்சி. எதுக்கு, எப்ப தருவ, ஒண்ணுமே கேக்கல. யார்கிட்டயும் கை கட்டி நிக்காம கெடச்சிதேன்னு சந்தோஷமா இருந்துச்சிக்கா. அப்புறம் அத அடைக்க இன்னொண்ணு. அத அடைக்க இன்னொண்ணு."

"கடைசியா வாங்கினது?"

அவள் சற்றுத் தயங்கினாள். "சீட்டு கட்ட."

"சீட்டுக் கட்டவோ கடன் வாங்கினனீங்கள்?"

"சாந்தியக்கா பேரச் சொல்லித்தான என்னச் சேத்தாங்க. நான் நிப்பாட்டினா அவங்களுக்குத்தான கெட்ட பேரு."

சேமிப்பதற்காகக் கடன். முதல் நாள் எழுதிக்கொண்ட வரி நினைவுக்கு வந்தது. அந்த வரிக்கு ஒரு முகமும் ஓர் அரிசி டின்னும் இருக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

மணி திரும்ப அடித்தது. நான் டின்னைத் திறந்து எடுத்தேன். ஓர் ஆண் ஹிந்தியில் சீறினான், பிறகு உடைந்த தமிழில் தொடங்கினான்.

"ஆர் கதைக்கிறது?" என்றேன். "நீங்கள் சொல்லுறது எனக்கு விளங்கேல்லை. ஆறுதலாச் சொல்லுங்கோ."

"மலையாளமா?" என்றான். பிறகு வைத்துவிட்டான்.

புஷ்பா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் எப்போது அழத் தொடங்கினாள் என்று தெரியவில்லை.

அன்று மாலை எல்லாவற்றையும் சாந்தியிடம் சொன்னேன். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள் குழாயை மூடினாள்.

"சீட்டு கட்டறதுக்குக் கடனா? அறிவிருக்குதா அவளுக்கு? என்கிட்ட ஒரு வார்த்த சொல்றதுக்கு இன்னா?" ஒரு பாத்திரத்தை எடுத்து டொங்கென்று வைத்தாள். "தெனம் பக்கத்துல ஒக்காந்து சோறு துன்றா. குழம்புல உப்பு பத்தலன்னு சொல்லத் தெரியுது. இத சொல்லத் தெரியல."

நாளைக்குள் யாரும் ஜாமீன் நிற்காவிட்டால் சீட்டு அவளுக்கு. அவள் செய்ய வேண்டியது எதுவுமே இல்லை, சும்மா இருந்தால் போதும். சும்மா இருக்க அவளுக்கு எல்லா நியாயமும் இருந்தது.

வியாழக்கிழமை வகுப்பு முடிந்து சந்துக்குள் நுழைந்தபோது வீடு பூட்டியிருந்தது. கௌதமி அக்கா வீட்டில் இருப்பாள் என்று அங்கே போனேன். கூடத்தில் நான்கைந்து பெண்கள். நடுவில் சாந்தி, அவள் எதிரில் தலை குனிந்து புஷ்பா. மத்தியானம் சாந்தியே சந்தாபுராவுக்குப் போய் அவளைக் கையோடு கூட்டி வந்திருந்தாள்.

"நான் ஜாமீன் நிக்கறேன்க்கா," என்று சாந்தி சொல்லிக்கொண்டிருந்தாள்.

"யோசிச்சிட்டியா?" என்றார் கௌதமி அக்கா. "வண்டி இன்னா ஆவுறது?"

"அது என் பாடு. இவ கையில இப்ப காசு வந்தாதான் நிப்பா. இல்லன்னா ஓடிடுவா. ஓடினா சேத்துவுட்ட நான்தான எல்லாருக்கும் பதில் சொல்லணும்?" பிறகு புஷ்பாவிடம் கையை நீட்டினாள். "போனக் குடு."

அடுத்து நடந்ததை நான் எந்தப் பயிற்சி வகுப்பிலும் பார்த்ததில்லை. கௌதமி அக்கா பணத்தைப் புஷ்பாவின் கணக்குக்கு அனுப்பினார். புஷ்பா ஒரு செயலியைத் திறந்து பாக்கியைக் கட்டினாள். கடன் தீர்ந்தது என்று செய்தி வரும்வரை எல்லோரும் அந்தச் சிறு திரையைச் சுற்றிக் குனிந்து காத்திருந்தார்கள். வந்ததும் சாந்தி அந்தச் செயலியை அழித்தாள். அடுத்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு வசவு வைத்திருந்தாள். "இது யாரு? ஆளப் பாரு, சிரிக்கிற மூஞ்சி வேற போட்டுகிறான்." ஞாயிற்றுக்கிழமை சண்டை போட்ட பூக்கடைக்காரர்தான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு செய்திகளை உரக்க வாசித்தார். கடைசிச் செயலி போனபோது பணத்தில் கொஞ்சம் மிஞ்சியிருந்தது.

சாந்தி போனைத் திருப்பிக் கொடுத்தாள். "இனிமே காசு வேணும்னா என்கிட்ட வந்து கேளு. நான் திட்டுவேன். நாலு கேள்வி கேப்பேன். கேட்டுட்டு இருந்தா குடுப்பேன், இல்லன்னா இல்லம்பேன். ஆனா ஆபீஸ் கேட்டுக்கு வர மாட்டேன்."

புஷ்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். சாந்தி உதறவில்லை.

முனிரத்தினம் சந்து முனையில் நின்றுகொண்டிருந்தார். யாரோ அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். மூவரும் நடந்தோம். வீட்டு வாசலில் அவர் கேட்டார். "என்ன ஒரு வார்த்த கேட்டிருக்கலாம் இல்ல?"

"கேட்டிருந்தா வேணான்னு சொல்லியிருப்ப."

"ஆமா."

"அதான் கேக்கல."

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். அன்று இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. மாடிக்கு எனக்குச் சோறு கொண்டு வந்து வைத்துவிட்டு, "அவரு சொல்றதும் கரெக்ட்டுதான் மேடம்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். என் படிக்காசில் மிச்சமிருந்ததை நீட்டினேன். "உங்க கூரைக்கு வெச்சிக்கோங்க," என்று தள்ளிவிட்டாள். வகுப்பில் சொன்ன கதையை அவளிடமும் சொல்லியிருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை வகுப்பில் சான்றிதழ் கொடுத்துக் கைகுலுக்கி அனுப்பிவைத்தார்கள். பிற்பகல் வண்டியை மீட்க அவர்கள் இருவரோடும் அடுகோடிக்குப் போனேன். சாந்தியின் கழுத்தில் சங்கிலி இல்லை. மஞ்சள் கயிறு இருந்தது. சங்கிலியைக் காலையிலேயே அடகு வைத்துவிட்டாள். எங்கள் அலுவலகக் கணக்கில் நகை வாங்குவது செலவுப் பக்கம் விழும். அதைச் சாந்தியிடம் சொன்னேன்.

"செலவா?" என்றாள். "அப்ப உங்க ஆபீஸ்ல பொம்பளைங்களே இல்லியா?"

"நான் இருக்கிறன்தானே."

"நீங்க சொல்லக் கூடாதா?"

ஓசூர் வீதிப் பக்கம், பட்டறைகளுக்கு நடுவில் ஒரு மைதானம். பிடித்து வந்த வண்டிகள் தூசு படிந்து நின்றன. பணத்தைக் கட்டி, கையெழுத்துப் போட்டு, ஒருவர் மாற்றி ஒருவரைப் பார்த்து முடித்தபோது வெயில் இறங்கிவிட்டது. முனிரத்தினம் காருக்குப் பக்கத்தில் போய் நின்றார். கதவைத் திறக்கவில்லை. கைக்குட்டையால் முன்கண்ணாடியைத் துடைத்தார். சாந்தி தன் முந்தானையால் மறுபக்கம் துடைக்கத் தொடங்கினாள். நடுவில் இரண்டு கைகளும் சந்தித்தபோது அவர் சொன்னார்: "சங்கிலிய நான் மீட்டுக் குடுக்கறேன்."

"நீ மொதல்ல ஹார்ன் வேல செய்யுதான்னு பாரு," என்றாள் அவள்.

திரும்பும் வழியில் ஒரு பேக்கரியில் நிறுத்தித் தில்பசந்த் வாங்கித் தந்தார்கள். தேங்காயும் சர்க்கரையும் டூட்டி ஃப்ரூட்டியும் வைத்த வட்ட ரொட்டி. மூவரும் காருக்குள் உட்கார்ந்து கிழித்துத் தின்றோம்.

மறுநாள் அதே காரில்தான் விமான நிலையம் போனேன். சாந்தியும் கூட வந்தாள். பாதி வழியில், கேட்கக் கூடாது என்று நினைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன். "புஷ்பா கட்டாட்டில்?"

அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். "கட்டலன்னா நான்தான் கட்டணும்." கொஞ்ச நேரம் கழித்து, "பயமாதான் இருக்குது மேடம்," என்றாள். முனிரத்தினம் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். அவருடைய இடது கை மட்டும் பின்னால் வந்து அவள் முழங்காலைத் தட்டிவிட்டுத் திரும்பிப் போனது.

கொழும்புக்கு வந்து, பயிற்சி அறிக்கை எழுதிக் கொடுத்து, பழைய அட்டவணைகளுக்குத் திரும்பினேன். சீட்டைப் பற்றி அறிக்கையில் ஒரு பந்தி எழுதினேன். சுவாரசியமானது, ஆனால் பொருந்தாது என்று மேலதிகாரி கோடு போட்டு எடுத்துவிட்டார்.

அடுத்த மாதம் ஒரு ஞாயிறு காலை, உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. சாந்தி.

"சீட்டு நடக்குது மேடம். புஷ்பா காசு கட்டிட்டா, மொத ஆளா வந்து கட்டினா. இப்ப ஏலம். போன வெச்சிடாதீங்க, கேளுங்க."

தூரத்தில் கௌதமி அக்காவின் குரல். "கேளுங்கம்மா."

"அஞ்சு," என்றாள் சாந்தி. குறைந்தபட்சத் தள்ளு அது. சங்கிலியை மீட்க அவளுக்குச் சீட்டு வேண்டும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்திருக்கும். யாராவது ஏற்றிவிட்டால் அவள் இன்னும் தள்ளியாக வேண்டும். தள்ளத் தள்ள மற்றவர்கள் ஒவ்வொருவருக்கும் காசு கூடும்.

"வேற யாராச்சும் கேக்கறீங்களா?"

ஈரக் கையோடு போனைக் காதில் அழுத்திக்கொண்டேன். பூக்கடைக்காரர் இருப்பார். தையல்காரர் இருப்பார். ஆளுக்கொரு கஷ்டம் அந்தப் பாயில் உட்கார்ந்திருக்கும். ஒரு மின்விசிறி சுற்றும் ஓசை கேட்டது. யாரோ இருமினார்கள்.

கௌதமி அக்கா இரண்டாம் தடவை கேட்டார். மூன்றாம் தடவையும் கேட்டார்.

இருபது பெண்கள் அந்தக் கூடத்தில் இருந்தார்கள். ஒருத்திகூட வாய் திறக்கவில்லை.